பதினொன்றரை மணி அழைப்பு

புதிதாகக் கவுண்டரில் உட்கார வந்திருக்கிற உங்களுக்காக, போன் பில்லையும் இணைய பில்லையும் புரிந்துகொள்வது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள். ஆனால் பில்லை அச்சடிக்கிற நமக்கே அது புரியாது என்பது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. கட்டவேண்டிய தொகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். அது எப்படி வந்தது என்பது நாலாம் பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து நாலாம் பக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மாத பில் வந்துவிடும். அதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். உங்களுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதப் போவது நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைப் பற்றி. அதற்காக எனக்குக் கோப்பை கொடுத்தார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் கவுண்டர் மற்ற ஊர்க் கவுண்டர் மாதிரி கிடையாது. இங்கே கோபம் தமிழில் ஆரம்பிக்கும், கன்னடத்தில் சூடுபிடிக்கும், தெலுங்கில் மேசையைத் தட்டும். தொகையை மட்டும் எல்லாரும் இங்கிலீஷில்தான் சொல்வார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றியிருக்கிற தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். நான் அங்கே புகார்ப் பிரிவின் பொறுப்பாளர். எத்தனை புகார்கள் மூடப்பட்டன என்று மேலிடத்தில் மாதா மாதம் எண்ணுவார்கள். எத்தனை தீர்ந்தன என்று யாரும் எண்ணியதில்லை.

ஒரு புகாரை மூட அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிரச்சினையைச் சரிசெய்து, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, அவர் சரி என்றபிறகு மூடுவது ஒரு வழி. அதற்கு ஒரு வாரம் ஆகும். அவரை மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் "தொடர்பு கிடைக்கவில்லை" என்று எழுதி மூடிவிடுவது இன்னொரு வழி. அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதுதான் போன் திரும்பக் கிடைக்கும். இது எனக்கு உறைத்த நாளை நான் ஒரு கண்டுபிடிப்பாளரின் பெருமையோடு கொண்டாடினேன். புகார்ப் படிவத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். "தொடர்புகொள்ள வசதியாக: உங்கள் ஷிப்ட் நேரம்" என்று அதற்குத் தலைப்பு. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். "பரவால்ல, ஷிப்டெல்லாம் கேட்டு எழுதிக்கிறாங்க" என்று என் முன்னாலேயே மெச்சினார்கள். நான் அந்தக் கட்டத்தைப் பார்த்து, காலை ஆறு மணி ஷிப்ட்காரர்களை ஒன்பதரை, பத்தரை, பதினொன்றரைக்குக் கூப்பிடுவேன். மத்தியான ஷிப்ட்காரர்களைச் சாயங்காலம் கூப்பிடுவேன். ராத்திரி ஷிப்ட்காரர்கள் காலையில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள், அவர்களால் எனக்குத் தொந்தரவே இருந்ததில்லை.

மூன்று மாதத்தில் எங்கள் கிளை முதலிடம். கோப்பையை டிவிக்கு மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர், "எப்பிடி சாதிச்சே?" என்று கேட்டார். "உழைப்புதான்" என்றேன்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை மாதேஸ்வரி வந்தாள்.

அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து நாலு வயது இருக்கும். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, காலை ஷிப்ட். முன்பு மத்திகிரியில் இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருந்தபோது அவள் பெயரில் வீட்டு இணைய இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். அதையும் அவளுடைய செல்போனையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டது நாங்கள்தான், தள்ளுபடி என்று ஆசை காட்டி. பிறகு வீட்டைக் காலிசெய்து மூன்று பேரும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஆள் வந்து இணையப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். பில் மட்டும் போகவில்லை. ஆறு மாத இணையக் கட்டணம், தாமதக் கட்டணம், பெட்டியைத் திருப்பித் தராததற்கு அபராதம் என்று அவளுடைய சம்பளத்தில் பாதிக்கு வந்து நின்றது. மூன்று முறை புகார் கொடுத்திருந்தாள். மூன்றையும் நான் மூடியிருந்தேன்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எம் புகார எதுக்கு மேடம் மூடுனீங்க?"

"மூணு தடவ கூப்பிட்டோம்மா, நீங்க எடுக்கல. சிஸ்டம் தானா மூடிடும்."

"எத்தினி மணிக்குக் கூப்பிட்டீங்க?"

நான் திரையைப் பார்த்துப் படித்தேன். "ஒன்பதரை, பத்தரை, பதினொன்றரை."

"நான் காலை ஷிப்டு மேடம். அப்போ போன் கேட்டுல இருக்கும்."

"அது எங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

என் வாயிலிருந்து வந்த முட்டாள்தனமான வாக்கியங்களில் அதற்குத்தான் முதலிடம். அவள் மேசைமேல் கிடந்த தன் பழைய படிவத்தை என் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இங்க எழுதியிருக்கேனே. நீங்கதானே கேட்டு எழுத வெச்சீங்க?"

அவளுக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர். கம்பெனி பனியன் போட்டிருந்த ஒருவர் முன்னால் வந்தார். "மேடம், நான் ரெண்டு மணி ஷிப்டு. எனக்கு எப்போ கூப்பிட்டீங்கன்னு பாருங்க." பார்த்தேன். சாயங்காலம் நாலரை, ஐந்தரை, ஆறரை. பக்கத்துக் கவுண்டரில் இருந்த எங்கள் பெண் என்னைக் கேட்காமலேயே அதைச் சத்தமாகப் படித்துவிட்டாள். "எனக்கு?" "எனக்கும் பாரும்மா!" என்று வரிசை கலைந்து கூட்டமாகிவிட்டது. ஒரு அம்மா தெலுங்கில் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கடைசியில் ஜாபர் பாய் வந்தார். மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர், அமைதியான மனுஷர், எங்களுக்குப் பத்து வருஷ வாடிக்கையாளர். "எனக்கு ஷிப்டெல்லாம் இல்லம்மா, கடைதான். நாள் பூரா போன் கையிலதான் இருக்கு. எனக்கு எப்போ கூப்பிட்டீங்க?"

அவருடைய பக்கத்தைத் திறந்தேன். மூன்று அழைப்பும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றேகாலுக்கு, தொழுகை நேரத்தில், அடுத்தடுத்த மூன்று வாரங்களில். அதை வாய்விட்டுப் படிக்க எனக்குத் துணிவில்லை. அவரே எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ மும்முரமாகப் பேச ஆரம்பித்தார். அந்த போன் அடிக்கவே இல்லை.

நான் மாதேஸ்வரியிடம் கொஞ்சம் இறங்கி, "இப்போதைக்குப் பணத்தைக் கட்டிடும்மா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் கெடு முடிகிறது, கட்டாவிட்டால், பில் ஒன்றாக இருப்பதால் செல்போன் இணைப்பும் சேர்ந்து போய்விடும் என்றும் சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"மேடம், ரெண்டு வருசமா கான்ட்ராக்ட்ல இருக்கேன். இந்த வாரந்தான் பர்மனென்ட்டுக்கு லிஸ்ட் போடறாங்க. மெடிக்கலுக்கு வரச் சொல்லி இந்த நம்பருக்குத்தான் மெசேஜ் வரும். வந்த மறுநாள் போய் நிக்கலன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்க. நம்பர மாத்திக் குடுக்கவும் இப்போ முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்குத்தாம்மா சொல்றேன், கட்டிடு."

"கட்டுனா பொட்டிய நான் குடுக்கலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? குடுத்துட்டேன் மேடம். உங்காளு கையெழுத்துப் போட்டிருக்காரு." பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டினாள். பெட்டி பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதி, எங்கள் ஆளின் கையெழுத்து. அந்தக் கோழிக்கிறுக்கலை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். இதன் நகலைத் தன் முதல் புகாரோடேயே இணைத்திருந்தாள். படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் மூடினேனே தவிர எதையும் படிக்கவில்லை.

மூடிய புகாரை எங்களால் திறக்க முடியாது. அதற்கு மேலே மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் உரிமை அது, ஒரு பைசா கட்டணம் கிடையாது. நாலாம் பக்கத்து எறும்புகளில் அதுவும் ஒன்று. கேட்டால் மட்டும் சொல்வது எங்கள் வழக்கம். அவள் கேட்கவில்லை. நான் சொன்னேன். அங்கேயே உட்கார வைத்து எழுத வைத்து, கையெழுத்துக் காகிதத்தைப் படம் எடுத்து, சென்னையில் இருக்கிற மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பி, பதிவு எண்ணை அவள் கையில் கொடுத்தேன். அவசரம் என்றும் குறிப்பு எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்பில் அழைப்புகளின் கதையை நான் எழுதவில்லை. "சில காரணங்களால் தொடர்பு கிடைக்கவில்லை" என்று பூசி மெழுகினேன். அந்தச் சில காரணம் நான்தான் என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளரிடம் இன்று முற்பகல் தொலைபேசியில் விசாரணை, மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் மேல்முறையீடு முடித்துவைக்கப்படும். அவள் அப்போது ஷிப்டில் இருப்பாள். மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அந்த அதிகாரியின் எண்ணுக்கு அடித்தேன். அது பிஸியாகவே இருந்தது.

தொழிற்சாலைக் கேட்டில் செக்யூரிட்டி முனிராஜ், பெரிய மீசை. நான் விஷயத்தைச் சொல்லி, மாதேஸ்வரியைக் கொஞ்சம் வெளியே கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

"ஆகல்ல மேடம். லைன் ஓடிட்டிருக்குது. எமர்ஜென்சின்னா ஹெச்சார்ல லெட்டர் வாங்கணும்."

"அவங்க போனையாவது எடுத்துக் குடுங்க. நான் பேசிடறேன்."

"டோக்கன் இல்லாம ஓனரே வந்து கேட்டாலும் தொறக்க ஆகல்ல. நீங்க உள்ள வரதுன்னா உங்க போனையும் குடுத்துடுங்க."

என் போனையும் வாங்கிப் பூட்டி, ஒரு டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார். கேட்டை ஒட்டிய அந்த அறையில் சுவர் முழுக்க வலைக்கதவு போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு போன். ஒன்று முருகன் பாட்டுப் பாடுகிறது, ஒன்று குழந்தை மாதிரி அழுகிறது, ஒன்று சத்தமில்லாமல் பெட்டிக்குள்ளேயே அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்கிறது. கடன் கொடுத்தவன் கூப்பிடுகிறான், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், யார் யாரோ. எடுக்க ஒரு கை கிடையாது. இத்தனை நாளாக நான் கூப்பிட்ட இடம் இதுதான் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"எப்பவுமே இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"இப்போ கம்மி மேடம். பதினொன்றரைக்குப் பாக்கணும், உங்க ஆபீசு பேரு வரிசையா வரும். ஒன்னு நின்னா இன்னொன்னு. நாங்க அந்தச் சத்தத்த வெச்சுதான் டீக்குப் போறது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு மூணு நாளாத்தான் வரல. டீ லேட்டாயிடுது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது மேல் வரிசையில் ஒரு போன் அடித்தது. வலை வழியாகத் திரை தெரிந்தது. வழியெல்லாம் நான் அடித்த அதே சென்னை எண். நானும் முனிராஜும் எழுந்து நின்று, தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு முந்தியும் ஒருக்கா அடிச்சுது மேடம், இதே நம்பருதான்" என்றார் முனிராஜ்.

ஆக, இரண்டு போயிற்று. என் போனைக் கேட்டேன். பதிவேட்டில் பெயர், வந்த நேரம், போகிற நேரம், காரணம் எல்லாம் எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது முறை அடித்து, அதுவும் ஓய்ந்தது. வெளியே ஓடிவந்து சென்னைக்கு அடித்தேன். இந்த முறை அதிகாரி எடுத்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு, எடுக்கலை. விதிப்படி முடிச்சு வைக்கப் போறேன்" என்றார். நான் ஆயிரம் பேரிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல்.

"சார், அவங்க ஷிப்ட்ல இருக்காங்க."

"தெரியுமே. படிவத்துல ஆறுலேருந்து ரெண்டுன்னு போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தானே அந்த நேரத்துல கூப்பிட்டேன்?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"'தொடர்புகொள்ள வசதியாக'ன்னு தலைப்பு இருக்கேம்மா. வசதியான நேரம் அதுன்னு நினைச்சேன். நல்ல ஏற்பாடுன்னு எல்லாக் கிளைக்கும் அனுப்பியிருக்காங்க. யாரோட யோசனைன்னு தெரியலை."

இரண்டு வாக்கியத்தில் தப்பித்துவிடலாம். ஏதோ குழப்பம் சார், மத்தியானம் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். அவரும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். அப்படி விட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் இரண்டு வருஷம் சாயங்காலத்துக்குள் போய்விடும். உள்ளே இன்னொரு போன் முருகன் பாட்டுப் பாட ஆரம்பித்தது.

"என்னோட யோசனைதான் சார்" என்றேன். "அது வசதியான நேரம் இல்ல. அவங்க எடுக்க முடியாத நேரம். எடுக்கக்கூடாதுன்னுதான் அந்தக் கட்டமே போட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதை எழுத்துல தருவீங்களா?" என்றார்.

"தர்றேன் சார்."

"ரெண்டேகாலுக்குக் கூப்பிடறேன்."

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அங்கேயே போனில் எழுதி அனுப்பினேன். எந்தெந்த நேரத்தில் கூப்பிட்டேன், ஏன் கூப்பிட்டேன், அவள் இணைத்திருந்த கையெழுத்துக் காகிதத்தை எப்படிப் படிக்காமல் விட்டேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இரண்டு டீ குடித்தேன். முனிராஜ் வந்து ஒரு டீ குடித்துவிட்டு, காசை என்னைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. மாதேஸ்வரி டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினாள். மூன்று தவறிய அழைப்புகளைப் பார்த்ததும் அவள் கண் என்னைத் தேடியது. நான் எதுவும் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்தாள். பெட்டி போன தேதியைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், "ஆமாங்க சார், இல்லீங்க சார்" என்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாக நாங்கள் தீர்க்காத வழக்கு அவ்வளவுதான். கெடு முடிவதற்குள் உத்தரவு வந்தது. தொகை முழுவதும் ரத்து, எண்ணைத் துண்டிக்கக்கூடாது. அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்தார்கள். எங்கள் கிளை கடைசி இடத்துக்குப் போனது. மேலாளர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அது ஒருவகையில் நிம்மதி. பழைய புகார்களை எல்லாம் எடுத்து, மேல்முறையீடு செய்யச் சொல்லி, அவரவர் ஷிப்ட் முடிந்த பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் அழைப்பு ஜாபர் பாய்க்கு. எடுத்துவிடக் கூடாதே என்று கூப்பிடுவது எவ்வளவு சுலபம், எடுக்க வேண்டுமே என்று கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் இரண்டாவது மாதிரி கூப்பிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மாதேஸ்வரி மறுபடியும் கவுண்டருக்கு வந்தாள். கழுத்தில் புது அடையாள அட்டை. லிஸ்டில் பெயர் வந்து, மெடிக்கலில் தேறி, வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இனிப்பு கொண்டுவந்திருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"மேடம், ஒரு உதவி. இதே நம்பர வெச்சிக்கிட்டே வேற கம்பெனிக்கு மாறலாமாமே? எப்பிடின்னு சொல்லுங்க."

மாறலாம், அது அவளுடைய உரிமை. பாக்கி எதுவும் இல்லாததால் தடை சொல்லவும் எங்களுக்கு வழியில்லை. இப்படிக் கேட்பவர்களைச் சலுகை சொல்லி உட்கார வைத்து மனசை மாற்ற எங்களுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. நான் அவள் போனை வாங்கி, அனுப்பவேண்டிய செய்தியை நானே தட்டிக் கொடுத்தேன். வந்த குறியீட்டு எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, எத்தனை நாளுக்குள் அதைப் புதுக் கம்பெனியில் காட்டவேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவள் சீட்டை மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். போக எழுந்தவள் நின்று, "அங்கயும் உங்கள மாதிரி ஆளுங்க இருப்பாங்களா மேடம்?" என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இருப்பாங்கம்மா" என்றேன். "ஷிப்டு என்னான்னு கேட்டா மட்டும் மாத்திச் சொல்லிடு."